பர்ட்டன் ஸ்ட்ராங் ஏலை வீட்டில் காய்ச்சுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரில், ட்ரெண்ட் ஆற்றங்கரையில் பர்ட்டன் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் பாஸ், ஆல்சாப், வொர்திங்டன் என்ற பீர் ஆலைக்காரர்கள் எல்லாம் அங்கிருந்துதான் பீர் அனுப்பினார்கள். பர்ட்டன் என்றதும் பலருக்கும் பேல் ஏல்தான் நினைவுக்கு வரும் (ஏல் என்பது பீரில் ஒரு வகை). எனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்தது அதே ஊரின் பழைய, கனமான, வருடக்கணக்கில் கிடந்து முற்றும் ஸ்ட்ராங் ஏல். நான் மிட்லண்ட்ஸ் பக்கம் குடியிருப்பவன், இதுவரை மூன்று முறை காய்ச்சியிருக்கிறேன். முதல் தடவை முழுச் சொதப்பல், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது நான் நினைத்த இடத்துக்கு வந்தது. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடுகிறேன்.

காய்ச்சுவது என்றால் சாராயம் காய்ச்சுவது மாதிரியா?

இல்லை. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் இருப்பதால் என் மாமியாரே முதலில் பயந்துவிட்டார். சாராயத்துக்கு ஊறலைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும். இங்கே அந்த வேலையே கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடுகிறோம். அவ்வளவுதான். அந்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர், கீழே அடிக்கடி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் சொந்தமாகக் குடிக்கக் காய்ச்சுவதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியை 1963-லேயே எடுத்துவிட்டார்கள். விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் கதை வேறு: 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவும் தயாரிக்க முடியாது. அங்கிருந்து வாசிப்பவர்கள் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு உலை வையுங்கள்.

பர்ட்டன் ஏல் என்றால் ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல்தானே?

இல்லவே இல்லை. வரிசையில் பர்ட்டன் ஏல் மூத்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்க்காரர்கள் அடர்த்தியான, இனிப்பான, கனமான ஏலைப் பால்டிக் கடல் வழியாக ரஷ்யாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1822-ல் ரஷ்யா சுங்கவரியை ஏற்றியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம்தான் ஆல்சாப் இந்தியா பக்கம் திரும்பினார். அதுவரை லண்டனின் ஹாட்ஜ்சன் மதராஸ், கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களுக்கு அனுப்பிவந்த வெளிறிய, கசப்பான பேல் ஏலைப் பர்ட்டன் தண்ணீரில் காய்ச்சிப் பார்த்தால், லண்டன் சரக்கைவிட நன்றாகவே வந்தது. ஐபிஏ என்று இன்று சொல்வதற்கு அந்த ஊர் பேர்போனது இப்படித்தான். ஆனால் பழைய ஸ்ட்ராங் ஏலை அவர்கள் கைவிடவில்லை. பாஸ் தன் ஏல்களுக்கு எண் போட்டது, அதில் முதலாம் எண்தான் எல்லாவற்றையும்விடக் கனம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் பார்லி ஒயின் என்றும் பேர் வந்தது. நான் இங்கே காய்ச்சச் சொல்வது அதன் சாயலில் ஒன்று.

பழைய குறிப்பேட்டில் 40 பவுண்டு என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு பீப்பாய் தண்ணீரைவிட அதே பீப்பாய் அளவு வோர்ட் எத்தனை பவுண்டு கூடுதலாக எடை போடுகிறது என்பதுதான் அந்த எண். பீப்பாய் என்றால் 36 இம்பீரியல் காலன், ஏறக்குறைய 164 லிட்டர். அந்தப் பவுண்டை 2.77-ஆல் பெருக்கினால் இன்றைய ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி) கணக்கு வந்துவிடும். 40 பவுண்டு என்றால் 111, அதாவது 1.111. தண்ணீர் 1.000, சாதாரண பீர் தொடங்குவது 1.045 வாக்கில். இது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. மால்ட்டை ‘குவார்ட்டர்’ என்று எழுதியிருப்பார்கள், ஒரு குவார்ட்டர் மால்ட் 336 பவுண்டு, 152 கிலோ. ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் 1784-ல் இந்த அளவுகோலைப் பற்றி எழுதிய பிறகுதான் பீர் காய்ச்சுபவர்களிடையே இது பரவியது. அதற்கு முந்தைய சமையல் குறிப்புகளில் மால்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது மட்டும் இருக்கும், மிச்சத்தை நாம் ஊகிக்க வேண்டியதுதான்.

1.111 பெரிய எண் என்று நினைத்தால் இதையும் கேளுங்கள். 1852-ல், காணாமல்போன கடலோடி ஜான் ஃபிராங்ளினைத் தேடிக் கிளம்பிய எட்வர்ட் பெல்ச்சரின் ஆர்க்டிக் கப்பல்களுக்காக ஆல்சாப் காய்ச்சிய ஏல் 1.130 அருகில் இருந்தது. வீட்டில் முதல் முயற்சியாக அதைத் தொடாதீர்கள். நானே இன்னும் தொடவில்லை.

என்ன மால்ட்? கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட், கொஞ்சம் சாக்லேட் மால்ட் சேர்த்தால் நிறம் வருமே?

வரும். ஆனால் வேண்டாம். கேட்டவர்களில் பாதிப் பேர் தவறும் இடம் இதுதான். அடர்ந்த நிறத்தைப் பார்த்ததும் ஏழெட்டு விதமான மால்ட்டைக் கடையில் அள்ளிவந்துவிடுகிறார்கள். கிரிஸ்டல் மால்ட் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்த சரக்கு. கறுப்பு மால்ட் போர்ட்டர் என்ற கறுத்த பீருக்காக 1817-ல் வந்தது. பர்ட்டன் ஸ்ட்ராங் ஏலுக்கு வெறும் பேல் மால்ட் போதும், செம்பழுப்பு நிறம் நெடுநேரக் கொதியில் தானாக வரும்.

வகை என்று பார்த்தால் எளிதாகக் கிடைப்பது மாரிஸ் ஆட்டர். நல்ல மால்ட்தான், ஆனால் 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய ரகம், பழையது அல்ல. விக்டோரியா காலத்து வயல்களில் பெரும்பாலும் நின்றது செவாலியே என்ற பார்லி. பின்னாளில் அது வழக்கொழிந்துபோக, விதை வங்கியில் இருந்த சொற்ப விதையிலிருந்து நாரிச்சின் ஜான் இன்னஸ் மையத்தில் திரும்ப வளர்த்தெடுத்தார்கள். இப்போது மால்ட்டாகவே விற்கிறது. விலை கூடுதல். என் மூன்றாவது முறைக்கு அதைத்தான் போட்டேன், வாயில் ஒரு மொத்தமான, பிஸ்கட் மாதிரிச் சுவை நிற்கிறது. கைக்காசைப் பார்த்து முடிவு செய்யுங்கள், மாரிஸ் ஆட்டரில் செய்தாலும் குற்றமில்லை.

அளவைச் சொல்லுங்கள்.

கையில் 10 லிட்டர் வரவேண்டும் என்றால்: பேல் மால்ட் 6.5 கிலோ, கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் 140 கிராம், ஏல் ஈஸ்ட் இரண்டு பாக்கெட், ஜிப்சம் கொஞ்சம். குறைந்தது 25 லிட்டர் பிடிக்கும் பெரிய பாத்திரம், அதற்குள் விரிக்க ஒரு வலைத்துணிப் பை. தெர்மாமீட்டரும் ஹைட்ரோமீட்டரும் இல்லாமல் இறங்காதீர்கள்.

பர்ட்டன் தண்ணீருக்கு என்ன செய்வது?

அந்த ஊர்க் கிணறுகள் ஜிப்சம் பாறைக்குள்ளிருந்து ஊறுகின்றன, கால்சியமும் சல்பேட்டும் எக்கச்சக்கம். அதனால்தான் அங்கே ஊற்றிய பீரிலிருந்து முதல் மூச்சில் ஒரு கந்தக வாடை வரும், பர்ட்டன் ஸ்னாட்ச் என்பார்கள். குச்சி உரசியதுபோல வந்து மறைந்துவிடும். வீட்டில் அப்படியே அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை. மென்மையான தண்ணீர் என்றால் 10 லிட்டருக்கு 4 கிராம் ஜிப்சம் போதும். உங்கள் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே கடினமானதாக இருந்தால் பாதி போடுங்கள். குளோரின் வாடைக்கு ஒரு கேம்ப்டன் மாத்திரையில் கால்வாசி கரைத்தால் தீர்ந்தது.

காய்ச்சும் நாள் எப்படிப் போகும்?

நீளமாகப் போகும். நான் காலை 7 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பாத்திரம் கழுவி முடிக்க மாலை 6 ஆகிவிடுகிறது.

16 லிட்டர் தண்ணீரை 74 டிகிரிக்குச் சூடாக்கி, ஜிப்சத்தைக் கரைத்து, பையை விரித்து, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். கேப்பைக் கூழ் கிண்டுகிற கைப்பழக்கம் இருந்தால் நல்லது, கட்டி தட்டினால் உள்ளே உலர்ந்த மாவு அப்படியே நிற்கும். கலந்து முடித்ததும் 66 டிகிரியில் நிற்க வேண்டும். போர்வை சுற்றி ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் நேரம் அது.

அப்புறம் வடிப்பது. தேங்காய்ப்பால் எடுப்பதுதான் இதற்குச் சரியான உவமை. முதலில் வடிவது முதல் பால்: சுமார் 10 லிட்டர், 1.090-க்கு மேலே இருக்கும், விரலில் தொட்டால் ஒட்டும். பிறகு 6 லிட்டர் வெந்நீர் ஊற்றி இன்னொரு முறை வடித்து இதோடு சேருங்கள். மொத்தம் 16 லிட்டர், 1.075 வாக்கில்.

இனி கொதி. 16 லிட்டர் 11 லிட்டராகச் சுண்டும்வரை, என் அடுப்பில் மூன்றரை மணி நேரம். பழைய ஆலைகளில் இதைவிட நெடுநேரம் கொதிக்கவிட்டிருக்கிறார்கள். முதல் மணியில் வைக்கோல் நிறம், பார்லி வெந்த வாசம். இரண்டாவது மணியில் பால் விடாத தேநீர். மூன்றாவது மணியில்தான் சமையலறையின் வாசமே மாறும். பதநீரைக் கருப்பட்டிக்குக் காய்ச்சும் இடத்தில் நின்றிருந்தால் உங்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட அதே வாசம், கொஞ்சம் ரொட்டி மேலோடு கலந்தது. குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து வழியும். இந்தக் கட்டத்தில் அடிபிடித்துவிட்டால் கருகல் வாசனை கடைசிவரை போகாது, அதனால் கரண்டியை விட்டு நகராதீர்கள். போன் வந்தாலும் எடுக்காதீர்கள்.

கொதி முடிய 90 நிமிடம் இருக்கும்போது 100 கிராம் ஹாப்ஸ், 20 நிமிடம் இருக்கும்போது 25 கிராம். மிச்சம் 15 கிராமைப் பத்திரமாக மூடி வையுங்கள், பின்னால் வேண்டும். அடுப்பை அணைத்ததும் பனிக்கட்டித் தொட்டியிலோ செம்புச் சுருள் கொண்டோ 18 டிகிரிக்குக் குளிர்வித்து, நொதிக்கும் வாளிக்கு மாற்றி, ஹைட்ரோமீட்டரை விடுங்கள். 1.105-க்கும் 1.112-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் கவலை இல்லை.

10 லிட்டருக்கு 140 கிராம் ஹாப்ஸா? கசந்து வழியாதா?

புதிதில் கசக்கும்தான். ஆனால் இத்தனை அடர்த்தியான வோர்ட்டில் கசப்பு சரியாக இறங்காது, இறங்கிய கசப்பும் ஆண்டு கடக்கக் கடக்கத் தேய்ந்துகொண்டே போகும். ஹாப்ஸைக் குறைத்துப் போட்டால் ஒரு வருடம் கழித்துப் பாகு மாதிரித் திகட்டும். என் இரண்டாவது முறையின் குறை அதுவே.

பையில் இருக்கும் சக்கையில் இன்னும் இனிப்பு இருக்கிறதே, கொட்டிவிடுவதா?

கொட்டவே கூடாது. இன்னொரு 8 லிட்டர் வெந்நீர் ஊற்றி மூன்றாம் பாலை எடுங்கள். முதல் பாத்திரத்தில் வெந்த ஹாப்ஸையே இதிலும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் 3 சதவீதத்துக்குள் ஒரு சிறு பீர் கிடைக்கும். பழைய இங்கிலாந்தில் அப்படித்தான்: ஒரே மால்ட்டிலிருந்து எஜமானர் நிலவறைக்கு ஸ்ட்ராங் ஏல், வேலையாட்களின் தினசரிக் குடிக்கு ஸ்மால் பீர். பெரிய ஏலுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் இது கைகொடுக்கும். இரண்டே வாரத்தில் தயார். கடைசியில் மிஞ்சும் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் போடுங்கள், நாய்க்கு மட்டும் ஹாப்ஸ் பக்கம் எதுவும் எட்டக்கூடாது, அதற்கு விஷம்.

நொதித்தல் பாதியில் நின்றுவிட்டது. என்ன செய்ய?

முதலில், ஏன் நின்றது என்று என் கதையைக் கேளுங்கள். முதல் தடவை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஒரே ஒரு ஈஸ்ட் பாக்கெட்டைத் தூவினேன். நவம்பர் மாதம், சமையலறை இரவில் 14 டிகிரி. நான்கு நாள் பொங்கியது, அப்புறம் அமைதி. இரண்டு மாதம் கழித்து அளந்தால் 1.050. ஸ்ட்ராங் ஏல் என்றால் இனிப்பாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பாட்டிலில் அடைத்துப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்தேன். மே மாதம் வெயில் அடித்ததும் தூங்கிக்கிடந்த ஈஸ்ட் விழித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டப் என்று ஒன்று, பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று. கதவைத் திறந்தால் காலணிகள் மேல் எல்லாம் கண்ணாடித் தூளும் பிசுபிசுப்பும். மிச்சப் பாட்டில்களைத் துண்டில் சுற்றி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன்.

அதனால்: 10 லிட்டருக்கு இரண்டு பாக்கெட் உலர் ஈஸ்ட், குறையாமல். நான் நாட்டிங்கம் என்ற ரகத்தைப் போடுகிறேன், ஆல்கஹாலைத் தாங்கும். ஈஸ்ட் போடுமுன் வாளியை மூடி ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், காற்று கலந்தால்தான் அது பெருகும். முதல் நான்கு நாள் 18 டிகிரி, அப்புறம் மெல்ல 21-க்கு ஏற்றுங்கள். இட்லி மாவு வழிவதுபோல நுரை வழியும், கீழே தட்டு வையுங்கள். மூன்று வாரத்தில் 1.028 பக்கம் இறங்கிவிடும், ஆல்கஹால் ஏறக்குறைய 10.5 சதவீதம். நின்றுபோனால் வாளியை மெதுவாகச் சுழற்றி அடியில் படிந்ததைக் கிளப்பி, சூடான அறைக்கு மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால், வேறொரு சிறு பீரில் உச்சத்தில் பொங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டை அள்ளி ஊற்றுங்கள். உலர் ஈஸ்ட்டை நேராகத் தூவினால் அந்த ஆல்கஹாலில் விழுந்ததுமே சுருண்டுவிடும்.

மரப்பீப்பாய்ச் சுவைக்கு ஓக் சில்லு போடலாமா?

போடலாம், உங்கள் இஷ்டம். ஆனால் அதற்குப் பழைய முறை என்று பேர் வைக்காதீர்கள். ஆங்கிலேயர் விரும்பி வாங்கியது பால்டிக் கரையின் மெமல் துறைமுகம் வழியாக வந்த ஓக், அதன் பெருமையே பீரில் சுவை இறக்காது என்பதுதான். அமெரிக்க ஓக்கின் வனிலா வாசனையைக் கெட்டுப்போன பீராகவே பார்த்தார்கள்.

அப்படியானால் பழைய ஏலுக்கு அந்தத் தோல், பண்ணை வாசனை எங்கிருந்து வந்தது?

மரத்தின் இடுக்குகளில் குடியிருந்த இன்னொரு ஈஸ்ட். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் நீல்ஸ் ஹெல்டே கிளாசன், நெடுநாள் முற்றவைக்கும் ஆங்கில ஸ்டாக் ஏலிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1904-ல் லண்டனில் விளக்கினார். பெயர் பிரெட்டனோமைசிஸ், பொருள் பிரிட்டிஷ் பூஞ்சை. டென்மார்க் மனிதர் வந்து சொல்லித்தான் இவர்கள் பீரின் ரகசியம் இவர்களுக்கே தெரிந்தது. கிளாசனின் பேரிலேயே ஒரு வகை கடையில் கிடைக்கிறது. முதல் நொதிப்பு முடிந்தபின் ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி அதைச் சேர்த்தால் அன்னாசியும் பழைய தோல் பையும் கலந்த ஒரு வாசனை மெல்ல வரும். ஆனால் மற்ற ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் இது மாதக்கணக்கில் கடித்துக்கொண்டிருக்கும், ஹைட்ரோமீட்டர் மூன்று மாதம் அசையாமல் நின்ற பிறகே பாட்டில். முதல் முறை காய்ச்சுபவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

பாட்டிலில் அடைப்பது எப்போது, எப்படி?

வாளியிலிருந்து கண்ணாடிக் குடுவைக்கு மாற்றும்போது ரசம் இறுப்பதுபோலத் தெளிவை மட்டும் இறுத்து மண்டியை விட்டுவிடுங்கள். விளிம்புவரை நிரப்பி, குளிர்ந்த இருட்டில் ஆறு மாதம். கடைசி மூன்று வாரத்துக்கு அந்த 15 கிராம் ஹாப்ஸை உள்ளே போடுங்கள். பாட்டிலில் அடைக்கும் அன்று லிட்டருக்கு 3 கிராம் சர்க்கரையும் சிட்டிகை புதிய ஈஸ்ட்டும் சேர்க்கவேண்டும், பழைய ஈஸ்ட் களைத்திருக்கும். 330 மில்லி பாட்டில்களே நல்லது. பெரிய பாட்டிலைத் திறந்தால் முடித்தாக வேண்டும், முடித்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. கைக்கு 26, 27 பாட்டில் வரும்.

கடையில் விற்கும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (சுண்டவைத்த வோர்ட்) டப்பாவில் செய்யலாமா?

செய்யலாம், ஏல் வரும். ஆனால் முதல் பாலைக் கையால் எடுக்காத ஒருவருக்கு இதில் பாதி சந்தோஷம் போய்விடும்.

சர்க்கரை சேர்த்தால் ஆல்கஹாலை மலிவாக ஏற்றலாமே?

1847-க்கு முன்னால் செய்திருந்தால் ஆலைக்காரர்களுக்கு அபராதம், அந்த ஆண்டுதான் பீரில் சர்க்கரைக்கு அனுமதி வந்தது. சட்டம் கிடக்கட்டும், சுவையும் மெலிந்துவிடும். வேண்டாம்.

எப்போது குடிக்கலாம்? நிஜமாகவே ஒரு வருடம் வைக்கணுமா?

காய்ச்சிய நாளிலிருந்து ஒரு வருடம், குறைந்தபட்சம். இங்கிலாந்தின் பண்ணை மாளிகைகளில் பிள்ளை பிறந்ததும் காய்ச்சி, 21 வயது நிறையும்போது திறக்கும் வழக்கமே இருந்தது. பாஸ் ஆலையில் 1902 பிப்ரவரி 22 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் தானே தொடங்கிவைத்த கிங்ஸ் ஏல் பாட்டில்களை நூறு வருடம் தாண்டியும் ஆட்கள் திறந்து குடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது முறை காய்ச்சியதில் எட்டாவது மாதம் ஒன்று திறந்தேன்: காரம், கசப்பு, இருமல் மருந்து. மூடி வைத்துவிடலாமா என்று தோன்றியது. பதினெட்டாவது மாதம் அதே பெட்டியிலிருந்து இன்னொன்று. சின்ன ஒயின் கிளாஸில், குளிர்பெட்டியிலிருந்து இல்லாமல் 13 டிகிரி வாக்கில், அடி மண்டி கலங்காமல் ஊற்றினேன். நுரை ஒரு விரல்கூட இல்லை. உலர்ந்த அத்தி, கருப்பட்டி, ஆரஞ்சு மர்மலேடின் தோல், விழுங்கியபிறகு நெஞ்சில் ஒரு சூடு. மாமியார் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, தீபாவளி லேகியம் மாதிரி இருக்கிறது என்றார். அவர் பாராட்டுகிற தொனியில்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தயாராக எப்போது தொடங்கணும்?

போன கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தொடங்கியிருக்கணும். இப்போது அக்டோபருக்குக் காத்திருங்கள். அந்த ஆண்டு அறுவடையின் புது ஹாப்ஸ் கடைக்கு வரும், வெயிலும் தணிந்திருக்கும். பழைய ஆட்கள் கனமான ஏலை அக்டோபர் பீர் என்று சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். என்னிடம் ஒரு பாட்டில் கடன் கேட்பவர்களுக்கு: நான்கு மீதி இருக்கிறது, அரிசி மூட்டைக்குப் பின்னால், இரண்டு பேருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று.